நாள் எண்ணிய பிரகாசம்

பிரகாசத்தின் தாயார் ராஜம்மாவுக்கு ஒரே ஒரு தங்கை. அந்தத் தங்கையின் மகள்தான் சாராள். முறைப்படி பார்த்தால் பிரகாசம் அவளுக்குப் பெரியம்மா மகன், அண்ணன். சாராளுக்குக் கூடப் பிறந்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் பிறந்த எட்டாம் நாளே போய்விட்டான். இன்னொருவன் அரக்கோணம் பக்கம் பெண் கட்டிப் போனவன், போனவன்தான். அதனால் 'அண்ணே' என்று வாய் நிறையக் கூப்பிட அவளுக்கு இருந்தது பிரகாசம் ஒருவர்தான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் கதவுக்கு ரப்பர் பட்டை செய்கிற ஒரு கம்பெனியில் பிரகாசம் டைம் ஆபீஸ் கிளார்க்காகச் சேர்ந்தபோது அவருக்கு இருபத்தாறு வயது. பிறகு டைம் கீப்பர் என்றார்கள், பெர்சனெல் அசிஸ்டென்ட் என்றார்கள், கடைசியில் ஹெச்.ஆர். ஆபீசர் என்று சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லையும் கொடுத்தார்கள். பெயர்தான் மாறியது. நாற்காலி அதே நாற்காலி. வேலையும் அதேதான்: யார் வந்தார், யார் வரவில்லை, யாருக்கு எத்தனை நாள் ஆயிற்று என்று எண்ணுவது.

எண்ணுவதில் என்ன தப்பு என்று கேட்கலாம். நம் மாநிலத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. இருபத்து நாலு மாதத்துக்குள் நானூற்று எண்பது நாள் ஒருவர் ஓரிடத்தில் வேலை பார்த்துவிட்டால் அவரை நிரந்தரம் செய்ய வேண்டும். கம்பெனிக்கு அது ஆகாது. ஆகவே நானூற்று ஐம்பது நாளை நெருங்கியதும் ஆளை நிறுத்திவிடுவார்கள். மூன்று வாரம் வீட்டில் உட்கார வேண்டியது. அப்புறம் வேறொரு கான்ட்ராக்டர் பெயரில் புது நம்பர், புது அட்டை, மறுபடி ஒன்றிலிருந்து கணக்கு. இதற்கு 'பிரேக்' என்று பெயர். கான்ட்ராக்டரின் ஆள்தான் போன் செய்து, "நாளைலேர்ந்து வராதம்மா, அப்புறமா சொல்லி அனுப்புறோம்" என்பான். ஆனால் யாரை, எந்தத் தேதியிலிருந்து என்கிற பட்டியலைக் கான்ட்ராக்டர் போடுவதில்லை. பிரகாசம் போட்டுக் கொடுப்பார். அவன் அதைப் பார்த்துப் படிப்பான், அவ்வளவுதான்.

இரண்டாயிரத்து ஆறில் சாராளைக் கம்பெனிக்குள் கொண்டுவந்து விட்டவர் பிரகாசம்தான். பதினெட்டு வருஷத்தில் அவளைப் பதினோரு முறை நிறுத்தியவரும் அவர்தான். முதல் பாதி அவளுக்குத் தெரியும். இரண்டாம் பாதி தெரியாது. ஒவ்வொரு முறை நிறுத்தப்பட்டபோதும் அவள் கோவில்பதாகையிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வெள்ளானூரில் இருக்கிற அண்ணன் வீட்டுக்கு வந்து நிற்பாள்.

"அண்ணே, மறுபடி நிறுத்திட்டானுங்க. நீ ஒரு வார்த்த சொல்லேன்."

"சொல்றம்மா. நீ ஊட்டுக்குப் போ."

மூன்று வாரம் கழித்து எப்படியும் கூப்பிடத்தான் போகிறார்கள். அது பட்டியலிலேயே இருக்கிறது. ஆனால் சாராளைப் பொறுத்தவரை அது அண்ணன் சொன்ன ஒரு வார்த்தையின் பலன். அவள் நன்றி மறக்கிற ரகம் இல்லை. வேலை திரும்பக் கிடைத்த முதல் ஞாயிற்றுக்கிழமை, சபையில் ஸ்தோத்திர காணிக்கைக் கவர் ஒன்று கொடுப்பாள். போதகர் அதைப் பலிபீடத்துக்கு முன்னால் நின்று சத்தமாகப் படிப்பார். "இழந்த வேலையைத் திரும்பப் பெற்றதற்காகவும், அதற்குக் கருவியாக இருந்த சகோதரர் பிரகாசத்துக்காகவும், சாராள் ஜாக்சன் குடும்பத்தார் தேவனுக்கு ஸ்தோத்திரம் செலுத்துகிறார்கள்." பிரகாசம் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து இதைக் கேட்பார். பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டுவார்கள். பதினோரு முறை கேட்டார். ஒரு முறைகூட எழுந்து வெளியே போகவில்லை. எழுந்து போனால் ஏன் என்று கேட்பார்களே.

அந்த வட்டாரத்து ஹெச்.ஆர். ஆட்களுக்கு ஒரு சங்கம் உண்டு. மாதத்தின் முதல் சனிக்கிழமை திருமுல்லைவாயில் பக்கம் ஓர் ஓட்டல் மாடியில் கூடுவார்கள். பி.எஃப். வெப்சைட் வேலை செய்யவில்லை என்று குறைப்பட்டுக்கொள்வார்கள், ரிட்டையர் ஆகிறவருக்குச் சால்வை போடுவார்கள், போண்டா சாப்பிட்டுக் கலைவார்கள். தலைவர் ஞானசேகரன், ஓய்வு பெற்ற பெரிய மேனேஜர். போன வருஷம் கனிமொழி என்கிற பெண் புதிதாகச் சேர்ந்தாள். திருநெல்வேலியிலிருந்து வந்து காட்டுப்பாக்கத்தில் பிளாட் வாங்கிக் குடியேறியவள். இரண்டாவது கூட்டத்திலேயே எழுந்து நின்றாள்.

"சார், இந்தச் சட்டத்துல எங்கெங்க ஓட்டை இருக்குன்னு நம்மளவிட யாருக்குத் தெரியும்? ஓட்டை வழியா தினமும் போயிட்டு வர்றதே நாமதானே. எம்.எல்.ஏ.க்கள்கிட்ட நாமளே போய் அடைக்கச் சொன்னா என்ன?"

விஷால் என்றொரு இளைஞன், எதற்கும் ஒரு சொல் வைத்திருப்பான். "அக்கா, அடைச்சிட்டா அப்பால நாம எந்த வழியா போறது?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோது பிரகாசத்தின் கை தானாக மேலே போனது. "மனுவ நான் எழுதுறேன்" என்றார். சங்கத்தின் பெயரில் போகிற மனு, தன் பெயர் எங்கும் வராது என்கிற தைரியம்தான்.

நன்றாகத்தான் எழுதினார். கான்ட்ராக்டர் பெயர் மாறினாலும் நாள் கணக்கு ஆளோடு போக வேண்டும், அதற்கேற்பச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று இரண்டே பக்கம். உறுப்பினர்கள் அறுபது பேரும் அவரவர் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கு வீட்டு விலாசத்திலிருந்து கடிதம் போட்டார்கள். எம்.எல்.ஏ.வைப் பார்த்தால் மூன்று நிமிஷத்தில் விஷயத்தைச் சொல்லி முடிக்க வேண்டும் என்று கனிமொழி போனில் நேரம் வைத்து ஒத்திகை பார்த்தாள். ஞானசேகரன் வணக்கம் சொல்லி முடிக்கவே ஒன்றரை நிமிஷம் ஆயிற்று.

கடைசியில் ஒரு தொகுதியிலிருந்து பதில் வந்தது. எம்.எல்.ஏ. ஒரு அம்மாள், முதல் முறை ஜெயித்தவர். புதன்கிழமை காலை வரச் சொன்னார். கனிமொழி, "பாதிக்கப்பட்ட ஒரு ஆளையும் கூட்டிட்டுப் போகணும் சார். உங்க கம்பெனியில யாராவது?" என்று கேட்டாள். பிரகாசம் ஏதேதோ பெயர் சொன்னார், சாராள் பெயரை மட்டும் சொல்லவில்லை. கனிமொழி கம்பெனி பஸ் நிற்கிற இடத்துக்கே நேரில் போய்விட்டாள். அங்கே நின்ற பெண்களில் முதலில் வாயைத் திறந்தது யார்?

"எங்க அண்ணன் கீறாரே உங்க சங்கத்துல, பிரகாசம்! அவருக்காவ நான் வரமாட்டனா?"

புதன்கிழமை சாராள் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். எம்.எல்.ஏ. கேட்டதும் அதிலிருந்து அட்டைகளை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தாள். பன்னிரண்டு அடையாள அட்டை. ஒவ்வொன்றிலும் அவள் போட்டோ. முதல் அட்டையில் இரட்டைச் சடையாகப் பின்னி முன்னால் போட்டிருந்தாள். கடைசி அட்டையில் நெற்றிமேல் நரை.

எம்.எல்.ஏ. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். "பன்னெண்டு கம்பெனியில வேலை பார்த்தீங்களாம்மா?"

"இல்ல மேடம், ஒரே கம்பெனி. ஒரே மிஷினு."

"யார் உங்கள நிறுத்தினது?"

"கான்ட்ராக்டருங்க மேடம். பாவிங்க. எங்க அண்ணன் இல்லன்னா நான் எப்பவோ தெருவுல நின்னுருப்பேன். ஒவ்வொரு தபாவும் இவருதான் பேசித் திரும்ப சேத்து உட்டாரு. இதோ, பின்னால நிக்கிறாரு பாருங்க. முன்னால வாண்ணே!"

பிரகாசம் முன்னால் வந்தார். முகத்தில் ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை எடுக்கவும் தெரியவில்லை, விடவும் தெரியவில்லை. ஞானசேகரன் இருமினார். அந்த அறையில் இருந்த ஹெச்.ஆர். ஆட்கள் ஐந்து பேருக்கும் தெரியும், பட்டியல் யார் போடுவது என்று. அவர்களில் பலரும் அவரவர் கம்பெனியில் அதையே போடுகிறவர்கள்.

எம்.எல்.ஏ. பிரகாசத்தையே பார்த்தார். "நீங்க அந்தக் கம்பெனி ஹெச்.ஆர்.தானே சார்? கான்ட்ராக்டர் பன்னெண்டு பேர் மாறியிருக்காங்க. பழைய கான்ட்ராக்டர்கிட்ட இவங்களுக்கு எத்தனை நாள் ஆச்சுன்னு புதுசா வந்தவனுக்குத் தெரியாது. அப்ப நாள எண்ணுறது யாரு?"

டீ கிளாஸ்களில் ஏடு படிந்துகொண்டிருந்தது. சாராள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பதில் தெரிந்தவர்கள் சொல்வார்கள் என்று காத்திருக்கிற முகம் அவளுடையது.

"நான் சட்டசபையில கேள்வி கேட்டேன்னு வைங்க, அப்படி ஒரு புகாரே வரலன்னு ஒரு வரியில முடிச்சிருவாங்க. மனு நல்லா இருக்கு. ஆனா மனு பத்தாது. நாள எண்ணின ஆள் ஒருத்தர், ஆமா நான்தான் எண்ணினேன், இன்னாரை இன்ன தேதியில நிறுத்தினேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. கூட்டத்தொடர் ஆரம்பிக்கப் பத்து நாள் இருக்கு."

வெளியே வந்ததும் சாராளை பஸ் ஏற்றி விட்டார்கள். பிறகு ரோட்டோரம் நின்று பேசினார்கள். "நான் போடலாம் சார், ஆனா நான் வேலைக்கு வந்ததே மூணு வருஷம், எங்க கம்பெனியில கான்ட்ராக்ட் ஆளே இல்ல" என்றாள் கனிமொழி. உண்மையாகவே அவளுக்கு அழுகை வந்தது. விஷால், "கையெழுத்து வாங்குறதுதான் சார் நம்ம வேல. போடுறது நம்ம வேல இல்ல" என்றான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஞானசேகரன் பிரகாசத்தின் தோளில் கை வைத்தார்.

"உனக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்குப்பா. மரியாதையா வீட்டுக்குப் போற நேரம். விட்டுரு. வேற யாராவது எழுதுவாங்க."

வேறு யாரும் எழுதமாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும், இவருக்கும் தெரியும்.

நாலு நாள் பிரகாசம் வழக்கம்போல வேலைக்குப் போய் வந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, சாப்பிட்ட தட்டை நகர்த்திவிட்டு, வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டார். மனைவி ஹெலினா எதிரில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தாள்.

"எழுதப் போறீங்களா?"

"உனக்கு யார் சொன்னது?"

"யார் சொல்லணும்? சாராள் கவர பாஸ்டர் படிக்கறப்பல்லாம் நீங்க பாட்டுப் புத்தகத்துல பக்கத்த தேடுவீங்க. பாட்டுக்கு நம்பரே குடுத்திருக்க மாட்டாங்க, நீங்க தேடிக்கினே இருப்பீங்க. எனக்கு எத்தினியோ வருஷமா தெரியும்."

"தெரிஞ்சிகினு ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க இன்னா சொல்லுவீங்கன்னு பயம்" என்றாள் ஹெலினா.

பத்துத் தேதிகளை அவர் எளிதாக எழுதிவிட்டார். நாள் எண்ணுகிறவருக்குத் தேதி மறக்குமா? ஐந்தாவது தேதியில்தான் பேனா நின்றது. இரண்டாயிரத்துப் பதின்மூன்று மார்ச். அப்போது சாராளுக்கு நானூற்று முப்பத்தொரு நாள்தான் ஆகியிருந்தது. இன்னும் பத்தொன்பது நாள் விட்டு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஹெலினாவின் தம்பிக்குக் கோயம்புத்தூரில் கல்யாணம். பிரகாசம் பத்து நாள் லீவில் போக வேண்டும். போவதற்குமுன் மேசையைச் சுத்தமாக வைத்துவிட்டுப் போவது அவர் பழக்கம். பட்டியலில் மீதி இருந்த ஏழு பெயரையும் சேர்த்து முடித்துக் கொடுத்துவிட்டு ரயில் ஏறினார். அவர் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது சாராளின் புருஷன் ஜாக்சன் ஆட்டோவோடு கவிழ்ந்து காலை முறித்துக்கொண்டார். சாராளின் இ.எஸ்.ஐ. அட்டையை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். பழைய கான்ட்ராக்டர் அவள் பெயரை எடுத்துவிட்டிருந்தான், புது கான்ட்ராக்டர் இன்னும் சேர்க்கவில்லை. அட்டை செல்லவில்லை. கையிலிருந்ததை வைத்து ஒரு கட்டுப் போட்டுக்கொண்டு, எலும்பு கூடுவதற்குமுன் ஜாக்சன் சவாரிக்குப் போனார். கால் கோணலாகச் சேர்ந்துவிட்டது. இன்றைக்கும் சாய்ந்து சாய்ந்துதான் நடப்பார்.

அந்தத் தேதியை விட்டுவிட்டு, பத்து என்றே எழுதினால் யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்? பிரகாசம் அப்படியும் ஒரு தாள் எழுதிப் பார்த்தார். பிறகு கிழித்துப் போட்டுவிட்டுப் பதினொன்றும் எழுதினார்.

எம்.எல்.ஏ. படிப்பதற்குமுன் சாராள் கேட்டாக வேண்டும். அதை ஹெலினாகூடச் சொல்லவில்லை, அவராகத்தான் நினைத்தார். அன்றைக்கே வெயில் தாழ்ந்ததும் கோவில்பதாகைக்குப் போனார். வரிசையாக ஆஸ்பெஸ்டாஸ் போட்ட வாடகை வீடுகள் இருக்கிற சந்து. சாராள் வாசலில் முறத்தை வைத்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"இன்னாண்ணே, ஞாயித்துக்கிழமையும் அதுவுமா! அண்ணி வரல? இரு, டீ போடறேன்."

"டீ வேணாம் சாரா. ஒண்ணு எழுதிகினு வந்து கீறேன். படிக்கிறேன், கேளு."

"எம்.எல்.ஏ. மேடம் கேட்டாங்களே, அதுவா? எழுதிட்டாங்களா? எவன் அவன்?"

அவர் படித்தார். 'பிரகாசம் ஆகிய நான்' என்று ஆரம்பித்தபோது அவள் கை உருவிக்கொண்டுதான் இருந்தது. முதல் தேதி, இரண்டாம் தேதி. மூன்றாவதில் மெதுவாயிற்று. ஐந்தாவதைப் படித்தபோது நின்றுவிட்டது. கோயம்புத்தூர்க் கல்யாணத்தையும் அவர் எழுதியிருந்தார். முடியும்வரை தாளைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"அப்ப நாளு ஆகலையா?" என்றாள் சாராள்.

"ஆகல."

"இன்னும் எத்தினி நாளு இருந்துச்சி?"

"பத்தொம்போது."

அவள் விரலை மடக்கி எண்ணினாள். "அவரு உழுந்தது நான் நின்ன ஆறாம் நாளு."

பிரகாசம் சொல்வதற்கு வீட்டிலிருந்து நாலைந்து வார்த்தை தயார் செய்துகொண்டு வந்திருந்தார். மேலிடத்து உத்தரவு, நான் போடாவிட்டால் வேறொருவன் போட்டிருப்பான், நான் இருந்ததால்தான் மூன்று வாரத்தோடு போயிற்று என்று. ஒன்றும் வாயில் வரவில்லை.

"நான் கவர்ல உன் பேர எழுதிக் குடுத்தேனே."

"ஆமாம்மா."

"ஒவ்வொரு வாட்டியும் கேட்டுகினு குந்தினு இருந்தியே. ஒரு வாட்டி, ஒரே ஒரு வாட்டி, ஊட்டாண்ட வந்து, சாரா, இனிமே என் பேர எழுதாதன்னு சொல்லி இருக்கலாமில்ல? காரணம்கூட நான் கேட்டிருக்க மாட்டேன்."

அவர் நெஞ்சில் இறங்கியது அதுதான். நிறுத்தியதைப் பற்றியோ காலைப் பற்றியோ அவள் இன்னும் வாய் திறக்கவில்லை. அதெல்லாம் பின்னால் வரும், வருஷக்கணக்கில் வரும்.

சாராள் முறத்தை நகர்த்திவிட்டு எழுந்து, புடவையில் ஒட்டிய காம்புகளைத் தட்டிவிட்டாள். "அத குடு" என்று தாளை வாங்கினாள். அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். விரலை வைத்து மேலிருந்து கீழாகத் தேடினாள்.

"என் பேரு மட்டும்தான் கீது."

"மேடம் உன்னதான பாத்தாங்க. அதான்..."

"பக்கத்து ஊட்டு தாட்சாயிணி? கோடி ஊட்டு கலைவாணி? அவங்கள எல்லாம் யாரு நிறுத்துனது?"

"நான்தான்."

"இந்தச் சந்துல மட்டும் ஒம்போது பேரு. தேதி எல்லாம் தெரியுமில்ல உனக்கு?"

"தெரியும்."

அந்தக் காகிதம் பின்னால் ஏழு பக்கமாக வளர்ந்து எம்.எல்.ஏ. கையில் போய்ச் சேர்ந்தது. அவர் சொன்னபடி சட்டசபையில் கேட்டார், பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது, இன்னும் பரிசீலிக்கிறார்கள். ஞானசேகரன் இப்போது கூட்டங்களில் அந்தக் காகிதத்தைச் சங்கத்தின் சாதனை என்று பேசுகிறார். பிரகாசத்தைக் கம்பெனி ஸ்டோர்ஸுக்கு மாற்றிவிட்டது. அவர் இப்போது போல்ட்டும் வாஷரும் எண்ணுகிறார். இதெல்லாம் நடந்தது. ஆனால் பிரகாசத்தைக் கேட்டால், அந்த வருஷத்தில் நடந்தது என்று அவர் நினைவில் வைத்திருப்பது அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஒன்றைத்தான்.

சாராள் செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். அவர் பின்னால் போனார். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். தாட்சாயிணி தலைக்கு ஊற்றிய ஈரத்தோடு, கூந்தலில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். கம்பெனி ஆபீசரைத் தன் வாசலில் பார்த்ததும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"சார், நீங்களா! இன்னாக்கா, சாரக் கூட்டினு வந்து கீற, முன்னாடியே சொல்றது இல்ல?"

உள்ளே ஓடி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து, தலைத் துண்டை அவிழ்த்து அதாலேயே துடைத்து, அவர் பக்கமாகத் திருப்பிப் போட்டாள். பிரகாசம் பழக்கதோஷத்தில் நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டார்.

"குந்தாத" என்றாள் சாராள். அண்ணே என்று அவள் சொல்லவில்லை. "நின்னுகினே படி."

அவர் கையை எடுத்தார். தாட்சாயிணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுடைய தேதிகள் தாளில் இல்லை. பிரகாசம் மனதில் இருந்ததை, முதல் தேதியிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.